சவர்க்காரமும் மெழுகுதிரியும்: வீடு மறந்ததும் வீடு நினைத்ததும்

சித்திரை வருடப்பிறப்பு என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது என்ன? கைவிசேஷமா, போர்த்தேங்காயா, பலகாரமா? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. ஆனால் முறையைப் பார்த்தால் எமது வருடம் தொடங்குவது ஒரு முழுக்கோடும் ஒரு விளக்கோடும்தான். கோயிலில் ஐயர் காய்ச்சித் தரும் மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, புத்தாடை உடுத்து, விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் மற்றதெல்லாம். அழுக்குப் போக வேண்டும், வெளிச்சம் வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் வருடம் பிறக்காது.

இந்த மலருக்கு இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மார்கழி விடுமுறையில் எங்கள் சங்க மண்டபத்தில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கைவேலை வகுப்பு நடந்தது. வீட்டிலேயே சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்வது எப்படி என்று காட்டினார்கள். காரம் கரைக்கிற வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வாசனை சேர்ப்பதும், நிறம் போடுவதும், அச்சில் ஊற்றுவதும் பிள்ளைகளின் பங்கு. மண்டபம் முழுக்க லவெண்டர் வாசம்.

பேரப்பிள்ளையைக் கூட்டிவந்த ஒரு அம்மம்மா கதிரையில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் செய்யினம். ஆனால் எங்களுக்கு உது பொழுதுபோக்கு இல்லை. தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் பனம்பழத்தில உடுப்புத் தோய்ச்சனாங்கள்" என்றார். பக்கத்தில் நின்ற பேத்தி கேட்டாள்: "பனம்பழம் எண்டால் என்ன அம்மம்மா?"

சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால் அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு வசனத்தில் பதில் சொல்ல எங்களில் ஒருவராலும் முடியவில்லை. பதில் சொல்வதென்றால் ஒரு வரலாற்றையே சொல்ல வேண்டியிருந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன்.

சொல்லுக்குள்ளே ஒளிந்திருக்கும் காரம்

நாங்கள் "சவர்க்காரம்" என்கிறோம். தமிழ்நாட்டில் பலரும் "சோப்பு" என்கிறார்கள். அங்கேயும் பழைய ஆட்கள் "சவுக்காரம்" என்பார்கள். எப்படிச் சொன்னாலும் கடைசியில் நிற்பது "காரம்". அந்தச் சொல்லிலேயே செய்முறையின் பாதி இருக்கிறது. எண்ணெய் அல்லது கொழுப்பு ஒரு பக்கம், காரம் மறுபக்கம். இரண்டும் கலந்து வினைப்பட்டால் எண்ணெயும் இல்லாமல் காரமும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது. அதுதான் சவர்க்காரம். இந்த விதி மூவாயிரம் வருடமாக மாறவில்லை. மாறியதெல்லாம், காரத்தை எங்கே எடுத்தார்கள், எண்ணெயை யாரிடம் எடுத்தார்கள், வேலையை யார் செய்தார்கள் என்பவைதான்.

எமது முன்னோர் சவர்க்காரக் கட்டி செய்யவில்லையே தவிர, அழுக்கு நீக்கும் வித்தையை நன்றாக அறிந்திருந்தார்கள். தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பயத்தம்மா, பட்டுக்கும் நகைக்கும் பூவந்திக் கொட்டை. உடுப்புக்கு உவர்மண். உவர்நிலத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் அந்த மண்ணில் சோடாக் காரம் உண்டு. அதிலே துணியை ஊறவைத்து, வெள்ளாவியில் வைத்து, கல்லில் அடித்து வெளுத்தவர்கள் சலவைத் தொழிலாளர்கள். இரசாயனம் என்ற சொல் எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு வரமுன்பே அதைக் கையால் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த அறிவுக்கு எமது சமூகம் கொடுத்த மரியாதை என்ன என்பதை நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பியப் பெண்ணின் சாம்பல் பானை

நாங்கள் இப்போது வாழும் ஐரோப்பாவில் கதை எப்படிப் போனது?

உரோம எழுத்தாளர் பிளினி, கி.பி. 79 இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். கொழுப்பையும் சாம்பலையும் சேர்த்துக் கால் நாட்டு மக்கள் செய்யும் ஒரு பொருளைப் பற்றி அவர் குறிப்பு எழுதியிருக்கிறார். அவர்கள் அதைத் தலைமயிருக்குப் பூசினார்களாம். பிறகு வந்த நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடல் நகரங்கள் இந்தத் தொழிலில் பெயர் எடுத்தன. சிரியாவின் அலெப்போவில் ஒலிவ் எண்ணெயும் லோரல் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சினார்கள். பிரான்சின் மார்செய் நகரில் ஒலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்புச் சேர்க்கக் கூடாது என்று 1688 இல் பதினான்காம் லூயி மன்னனின் ஆட்சியில் கட்டளையே பிறந்தது.

இதெல்லாம் சந்தைக்குப் போன சவர்க்காரம். ஏழை வீட்டில் நடந்தது வேறு. வட ஐரோப்பாவிலும், அங்கிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர்களின் பண்ணைகளிலும், வருடம் முழுக்க அடுப்புச் சாம்பலைச் சேர்த்து வைப்பார்கள். அடியில் துளையிட்ட பீப்பாவில் வைக்கோல் பரப்பி, மேலே சாம்பலைக் கொட்டி, மழைத்தண்ணீர் ஊற்றி வடிய விடுவார்கள். கீழே மண்ணிறமாக வடிவதுதான் காரத் தண்ணீர். அது போதிய காரமா என்று எப்படி அறிவது? ஒரு முட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். முட்டை முழுதாக அமிழ்ந்தால் காரம் போதாது. மேலே ஒரு சின்ன நாணயம் அளவு தெரியும்படி மிதந்தால் பதம் சரி. பிறகு ஆடுமாட்டுக் கொழுப்போடு சேர்த்து வெளியில் பெரிய கிடாரத்தில் நாள் முழுக்கக் காய்ச்சுவார்கள். மரச்சாம்பலில் பொட்டாசியக் காரம் கூடுதல் என்பதால் கட்டியாக வராது, கூழ் மாதிரி மெதுவாகத்தான் வரும். அதை மரப்பீப்பாவில் வைத்து அகப்பையால் அள்ளிப் பாவித்தார்கள்.

வெளிச்சமும் அப்படித்தான். தேன்மெழுகில் செய்த திரி கோயிலுக்கும் பிரபுக்களுக்கும். சாதாரண வீட்டில் கொழுப்புத் திரி. அதைக்கூட வாங்க முடியாத ஆங்கில ஏழை வீட்டில் கோரைத் திரி. குளக்கரைக் கோரையை வெட்டி, ஊறவைத்து, தோலை உரித்து, உள்ளே இருக்கும் சோற்றைக் காயவைத்து, சமையலில் மிஞ்சிய கொழுப்பில் தோய்த்து எடுப்பார்கள். கில்பேட் வைற் என்ற பாதிரியார் 1789 இல் வெளியிட்ட செல்போன் கிராமத்தைப் பற்றிய நூலில் இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார். இருபத்தெட்டரை அங்குலக் கோரை ஒன்று 57 நிமிடம் எரிந்ததாம். ஒரு பார்திங் காசுக்கு, அதாவது கால் பென்சுக்கு, ஐந்தரை மணித்தியாலம் நல்ல வெளிச்சம் கிடைக்கும் என்கிறார். வில்லியம் கொபெற் என்பவர் 1822 இல் எழுதும்போது, தொண்ணூறு வயதுக்குக் கிட்ட வாழ்ந்த தன் பாட்டி ஒருநாளும் வீட்டில் மெழுகுதிரி எரித்ததில்லை, எல்லாம் கோரைத் திரிதான் என்று நினைவுகூருகிறார்.

ஏன் இவ்வளவு சிக்கனம்? வறுமை ஒரு காரணம். வரி இன்னொரு காரணம். இங்கிலாந்தில் 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெழுகுதிரிக்கு வரி போட்டார்கள். உரிமம் எடுத்து வரி கட்டாமல் வீட்டில் திரி வார்ப்பது குற்றம். கோரைத் திரிக்கு மட்டும் விலக்கு. 1712 இல் சவர்க்காரத்துக்கும் வரி வந்தது. தொழிலாளி இரவில் களவாகக் காய்ச்சிவிடக்கூடாது என்று வரி அதிகாரிகள் கிடாரங்களுக்கு மூடி போட்டுப் பூட்டி வைத்தார்கள்! மெழுகுதிரி வரி 1831 இலும் சவர்க்கார வரி 1853 இலும் நீங்கின. நூறு வருடத்துக்கு மேலாக இந்த நாட்டு ஏழைக்கு வெளிச்சமும் சுத்தமும் அரசாங்கம் பூட்டி வைத்த சாமான்கள். இதை வாசித்தபோது "உது எங்களுக்குத் தெரிந்த கதையாச்சே" என்று மனம் சொன்னது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வீட்டை விட்டு ஆலைக்கு

வீட்டு வேலையை ஆலை வேலையாக்கியது இரசாயன அறிவு. 1791 இல் பிரான்சில் நிக்கொலா லெபிளாங் என்பவர் கடல் உப்பிலிருந்து சோடாக் காரம் எடுக்கும் வழிக்கு உரிமம் பெற்றார். இனிச் சாம்பல் தேவையில்லை. பாவம், அந்த மனிதர் அதனால் வாழவில்லை. புரட்சி அரசு அவருடைய ஆலையைப் பறித்தது. வறுமையில் நொந்து 1806 இல் தற்கொலை செய்துகொண்டார். அடுத்ததாக மிஷெல் செவ்ரல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பமிலங்களும் சேர்ந்த பொருள் என்று கண்டறிந்து 1823 இல் நூலாக வெளியிட்டார். கொழுப்பிலிருந்து ஸ்ரியரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்துத் திரி வார்த்தால் அது உறுதியாக நிற்கும், புகையும் நாற்றமும் குறையும். 1850 இல் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பரவின் எண்ணெயும் மெழுகும் எடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அதன் பிறகு மெழுகுதிரி ஏழை வீட்டுக்கும் எட்டும் விலைக்கு வந்தது.

இந்த இடத்தில்தான் எமது நாடு கதைக்குள் வருகிறது.

1830 இல் வில்லியம் வில்சன் என்ற வணிகர் ஒரு பங்காளியோடு சேர்ந்து லண்டனில் மெழுகுதிரித் தொழில் தொடங்கினார். தேங்காய் எண்ணெயை அழுத்திக் கெட்டியான பகுதியைப் பிரித்தெடுக்கும் உரிமம் ஒன்றை வாங்கியிருந்தார்கள். மெழுகுதிரி வியாபாரம் அக்காலத்தில் கௌரவக் குறைவு. அதனால் தங்கள் பெயரை மறைத்து "எட்வேட் பிறைஸ் கம்பனி" என்று பெயர் வைத்தார்கள். வொக்சோலில் திரி வார்க்கும் ஆலை. இலங்கையில் அவர்களுக்குச் சொந்தமாகத் தென்னந்தோட்டம். 1840 பெப்ரவரி 10 ஆந் திகதி விக்ரோறியா மகாராணிக்குக் கலியாணம். அன்றிரவு ஊரெல்லாம் யன்னலில் விளக்கு வைப்பது வழக்கம். அதற்கென்று இந்தக் கம்பனி தேங்காய் எண்ணெய்க் கெட்டியையும் ஸ்ரியரிக் அமிலத்தையும் கலந்து, கருகிய திரியைக் கத்தரிக்கத் தேவையில்லாத மலிவு மெழுகுதிரியை விற்பனைக்கு விட்டது.

யோசித்துப் பாருங்கோ. மகாராணியின் கலியாண இரவில் லண்டன் யன்னல்களில் எரிந்தது எமது தீவு மாதிரியான நாடுகளில் காய்த்த தேங்காய்! தேம்ஸ் கரையில் பற்றசீயில் இந்தக் கம்பனியின் பெரிய ஆலை நின்றது. இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ரூட்டிங்கிலும் விம்பிள்டனிலும் இருக்கிற எங்கள் சனம் எத்தனையோ தரம் அந்தப் பக்கத்தால் பஸ்ஸில் போயிருக்கும். யாருக்குத் தெரியும், எங்களுக்கு நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே எங்கட தேங்காய் லண்டனுக்கு வந்து வேலை செய்தது என்று!

அந்தக் கம்பனியின் வரலாற்றில் என் மனதைத் தொட்ட இன்னொரு சம்பவமும் உண்டு. ஆலையில் திரி நூல் வெட்டுகிற வேலைக்குச் சின்னப் பெடியன்களை வைத்திருந்தார்கள். 1840 களின் கடைசியில் அவர்களில் அரை டசின் பேர், வேலை முடிந்த பிறகு ஒரு வாங்குக்குப் பின்னால் ஒளிந்திருந்து, கந்தோரில் கழித்துவிட்ட பேனைகளைக் கேட்டு வாங்கி, எழுதிப் பழகத் தொடங்கினார்கள். அது பெருகிப் பிறகு ஆலைக்குள்ளேயே பள்ளிக்கூடமானது. உலகத்துக்கு வெளிச்சம் வார்த்த பெடியன்களுக்குத் தங்கள் படிப்புக்கு வெளிச்சம் தேடவேண்டியிருந்தது. இதையும் நினைவில் வையுங்கள்.

மறந்துபோன வீடு

1884 இல் வில்லியம் லீவர் "சண்லைற்" என்ற பெயரைப் பதிவு செய்தார். அதுவரை கடைக்காரன் நீளப் பாளத்திலிருந்து வெட்டி நிறுத்துக் கொடுத்த சவர்க்காரத்தை, அளவாக வெட்டி, கடதாசி சுற்றி, பெயர் அச்சடித்து விற்றார். மாட்டுக் கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெயைக் கூட்டினார். கொப்பறாவுக்கும் எண்ணெய்ப்பனைக்கும் உலகமெங்கும் கேள்வி ஏறியது. 1938 இல் லீவர் கம்பனி கொழும்பிலேயே உற்பத்தி தொடங்கியது. எங்கட தேங்காய் எண்ணெய் எங்கட நாட்டிலேயே கட்டியாகி, கடதாசி சுற்றி, எங்கட கடைக்கே வந்தது.

யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு பெயரும் உண்டு. "மில்க்வைற்" என்றதும் வயதானவர்கள் முகம் மலரும். மில்க்வைற் சவர்க்காரத் தொழிலை நடத்திய க. கனகராசா அவர்கள் சவர்க்காரத்தோடு நிற்கவில்லை. "மில்க்வைற் செய்தி" என்று ஓர் இதழ் நடத்தினார். ஊர் ஊராகப் பனம் விதை நடுவதை ஓர் இயக்கமாக்கினார். சவர்க்காரம் செய்தவர் பனை நட்டார். பின்னால் நடந்ததை நினைக்கும்போது இது ஏதோ முன்னேற்பாடு போலத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடையில் கட்டி கிடைத்ததும், சுவிச்சைத் தட்டினால் லைற் எரிந்ததும், வீட்டு அறிவு மெல்ல மறைந்தது. உவர்மண் எங்கே எடுப்பது என்று பலருக்குத் தெரியாமல் போனது. இலுப்பெண்ணெய் விளக்கு கோயிலோடு நின்றது. மெழுகுதிரி என்றால் மாதாகோயிலுக்குக் கொளுத்துவது, அல்லது கரண்ட் நின்றால் தேடுவது. வீடு மறந்துவிட்டது. அதில் பிழையும் இல்லை. கடையில் இருக்கும்போது யார்தான் சாம்பல் வடிப்பார்கள்?

1990: வீடு நினைத்தது

1990 யூன் மாதம் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. யாழ்தேவி நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றரி, பசளை, சீமெந்து, மருந்து என்று தடையும் கட்டுப்பாடும் தட்டுப்பாடுமாக ஒவ்வொன்றாகக் கடைகளிலிருந்து மறைந்தன. சவர்க்காரமும் மெழுகுதிரியும் அந்த வரிசையிலே போயின. வந்த கொஞ்ச நஞ்சமும் யானை விலை, குதிரை விலை. நீரேரியைக் கடந்து கிளாலியால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாமான் கொண்டுவந்த காலம் அது. இருநூறு வருடத்துக்கு முன்னர் இங்கிலாந்தில் பூட்டி வைத்தது கிடாரத்தை. எங்களுக்குப் பூட்டி வைத்தது குடாநாட்டையே.

அப்போது வீடு நினைக்கத் தொடங்கியது.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். விழுந்த பழத்தை எடுத்து, தோலை உரித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, தும்பிலிருந்து களியைப் பிரித்து எடுப்பார்கள். வழக்கமாகப் பினாட்டுக்கும் பனங்காய்ப் பணியாரத்துக்கும் போகிற களி. அந்தக் களியிலே உடுப்பை ஊறவைத்து, கும்மி, கல்லில் அடித்து அலசினார்கள். நுரைத்தது, ஊத்தையும் போனது. இது ஏதோ இல்லாத குறைக்குச் செய்த பாவனை வேலை என்று எண்ணவேண்டாம். பனங்களியில் இருக்கும் கசப்புப் பொருட்களை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பனையின் இலத்தீன் பெயரைத் தழுவி அவற்றுக்கு "பிளபெலிபெரின்" என்று பெயர். அவை சபோனின் வகையைச் சேர்ந்தவை. சீயக்காயையும் பூவந்தியையும் நுரைக்க வைப்பதும் சபோனின்தான். கசக்கிற களி நுரைக்கும் என்பதை ஆய்வுகூடம் இல்லாமலே எங்கட அம்மாமார் கண்டுபிடித்திருந்தார்கள்.

அதன் தொல்லையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பிடிக்கும். எவ்வளவு அலசினாலும் பனங்காய் வாசம் போகாது. கொடியில் காயப்போட்ட உடுப்பை மாடு வந்து சப்பிப் போடும் என்று அந்தக் காலத்தில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். தலைக்குச் செவ்வரத்தம் இலையும் தேசிக்காயும். பாத்திரத்துக்குச் சாம்பலும் பொச்சும். சிரிப்புக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. சவர்க்காரம் இல்லாத வீட்டில் குழந்தைக்குச் சிரங்கு வந்தால் தாய் படுகிற பாடு சிரிக்கிற கதையல்ல.

வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்ட காலம். வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமட்டும் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைச் செருகி, கம்பியால் நிறுத்தி வைப்பார்கள். போத்தலே சிம்னி. காற்றுக்கு அணையாது, எண்ணெயும் குறைவு. அந்த மினுக்கு வெளிச்சத்தைச் சுற்றி நாலு பிள்ளைகள் புத்தகத்தோடு இருப்பார்கள். ஓ.எல். சோதனை, ஏ.எல். சோதனை எல்லாம் அந்த வெளிச்சத்தில் படித்தார்கள். பல்கலைக்கழகம் போனார்கள். அவர்களில் சிலர் இன்று இந்த நாட்டிலே வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இருக்கிறார்கள். வொக்சோல் ஆலையில் வாங்குக்குப் பின்னால் ஒளிந்திருந்து எழுதிப் பழகிய பெடியன்களைச் சொன்னேன் அல்லவா? அவர்களுக்கும் எங்கட பிள்ளைகளுக்கும் இடையில் நூற்றைம்பது வருடமும் ஒரு சமுத்திரமும் இருந்தாலும், படிப்புக்கு வெளிச்சம் தேடிய பாடு ஒன்றுதான்.

பிறகு 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்திலிருந்து சனம் ஒரே இரவில் வெளிக்கிட்டது. பானையும் விளக்கும் வளவும் பனையும் பின்னால் நின்றன. 2002 இல் பாதை திறந்தபோது சவர்க்காரமும் மெழுகுதிரியும் லொறி லொறியாகப் போயின. 2006 இல் திரும்பவும் பாதை பூட்டியது. 2009 இல் நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு தரமும் வீடு மறந்தது, ஒவ்வொரு தரமும் வீடு திரும்ப நினைத்தது.

பொழுதுபோக்காகச் செய்வதில் பிழையில்லை

இன்று இந்த நாட்டில் கையால் செய்த சவர்க்காரம் கடையில் வாங்குவதைவிட விலை கூட. மெழுகுதிரி வார்ப்பது மன அமைதிக்கு நல்லதாம். முன்பு ஏழையின் வேலை, இப்போது ஓய்வு உள்ளவர்களின் விருப்பம். "உதுக்கேன் மினக்கெடுவான், கடையில ஒரு பவுணுக்கு நாலு கட்டி வாங்கலாம்" என்று எங்கட ஆட்கள் கேட்பது நியாயம்தான். ஆனாலும் பிள்ளைகளோடு ஒருதரம் செய்து பாருங்கள் என்பேன். எண்ணெயும் காரமும் சேர்ந்து கண்முன்னே கூழாக இறுகும்போது பிள்ளை கேட்கிற கேள்விகளுக்குள்ளே நாங்கள் சொல்ல வேண்டிய கதைகள் எல்லாம் வந்துவிடும்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு சின்ன அளவு. ஒலிவ் எண்ணெய் 350 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம், சோடியம் ஐதரொட்சைட்டு (கோஸ்ரிக் சோடா) 70 கிராம், தண்ணீர் 150 கிராம். எல்லாவற்றையும் தராசில் நிறுக்க வேண்டும்; கோப்பைக் கணக்கு உதவாது. காரம் கண்ணைக் கெடுக்கும், தோலைச் சுடும். ஆகவே கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது, யன்னல் திறந்திருக்க வேண்டும். எப்போதும் தண்ணீருக்குள்தான் காரத்தைப் போடுவது; காரத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துச் சிதறும். அலுமினியப் பாத்திரம் கூடாது. மேலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கரைசலும் எண்ணெயும் இளஞ்சூட்டுக்கு வந்ததும் எண்ணெய்க்குள் கரைசலை ஊற்றிக் கலக்க வேண்டும். கஸ்ரட் பதத்துக்கு வந்ததும் அச்சில் ஊற்றி, இரண்டொரு நாளில் வெட்டி, நாலு முதல் ஆறு கிழமை காற்றுப்பட ஆற விடவேண்டும். அந்தரப்படக் கூடாது.

மெழுகுதிரி இதைவிட இலகு. ஆனால் மெழுகை நேரே அடுப்பில் வைக்காமல் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். அடுப்பை விட்டு அசையக் கூடாது. மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியால் மூடி அடுப்பை நிறுத்த வேண்டும்.

எழுதி வைப்போம்

இந்தக் கட்டுரையில் எத்தனை பெயர்கள் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். பிளினி, லெபிளாங், செவ்ரல், யங், வில்சன், லீவர். எல்லாம் ஆண்கள். எழுதியவர்கள், அல்லது உரிமம் எடுத்தவர்கள், அல்லது கம்பனி நடத்தியவர்கள். சாம்பல் பீப்பாவில் முட்டையை மிதக்கவிட்டுப் பதம் பார்த்த பெண்களில் ஒருத்தியின் பெயரையும் என்னால் சொல்ல முடியவில்லை. கொபெற்றின் பாட்டிகூட, பேரன் எழுதியதால் தப்பினார்.

எங்கட கதைக்கும் அதே கதி வரலாம். பனங்களியில் முதலில் உடுப்பைத் தோய்த்துப் பார்த்தவர் யார்? ஜாம் போத்தலுக்குள் வால்வை முதலில் நிறுத்தியவர் யார்? ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவற்றைச் செய்து பிள்ளை வளர்த்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். கதிரையில் இருந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை வருடத்துக்கு இருப்பார்கள்? அவர்கள் போன பிறகு, "பனம்பழம் எண்டால் என்ன" என்று கேட்க ஒரு பிள்ளை இருக்கும், சொல்ல ஆள் இருக்காது.

ஆகவே இந்த வருடப்பிறப்பில் வாசகர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். கைவிசேஷம் வாங்கப் பெரியவர்களிடம் போகும்போது ஒரு கொப்பியையும் கொண்டு போங்கள். உடுப்பு எதில் தோய்த்தீர்கள், விளக்கை எப்படிக் கட்டினீர்கள், பிள்ளைக்குச் சிரங்கு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள். ஊரின் பெயரையும் வருடத்தையும் போடுங்கள். சங்கத்திடம் கொடுத்தால் அடுத்த மலரில் சேர்க்கலாம்.

அந்த அம்மம்மாவிடம் பிறகு நான் தனியாகப் போய்ப் பனங்களி வேலையை விபரமாகக் கேட்டேன். முழுவதையும் சொன்னார். பேத்தி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது தான் வார்த்த லவெண்டர்ச் சவர்க்காரத்தில் ஒன்றை அம்மம்மாவின் கையில் வைத்தாள். அவர் அதை மணந்து பார்த்துவிட்டு, "நல்ல வாசம்தான் மோனை. மாடு சப்பாது" என்றார்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்!